பாய் வியாபாரி அல்லர், பாய் நெய்தவர்

சென்ற மாதம் நம் கைக்கு ஓர் அச்சிட்ட அழைப்பு வந்து சேர்ந்தது. பத்தமடையில் 82 வயதில் மௌத்தான பெரியவர் ஒருவரின் நாற்பதாம் நாள் பாத்திஹா அழைப்பு அது. வழக்கமான பச்சை மை, மேலே பிஸ்மி, கீழே மக்கள், மருமக்கள் பெயர்கள், கடல் கடந்திருப்போர் பெயருக்கெதிரே அடைப்புக்குறிக்குள் அவரவர் ஊர்கள். எல்லாம் முறைப்படியே இருந்தன. ஆனால் மர்ஹூம் அவர்களின் பெயருக்கு முன்னால் இரண்டு சொற்கள் இருந்தன. ‘பாய் வியாபாரி’ என்பன அவை. அவ்விரு சொற்களைக் கண்டபின் அழைப்பின் மற்ற வரிகளில் நம் கண் செல்லவில்லை.

அந்தப் பெரியவர் தம் வாழ்நாளில் ஒரு பாயைக்கூடக் கடை விரித்து விற்றவரல்லர். அவர் பாய் நெய்தவர். பன்னிரண்டாம் வயதில் தம் வாப்பாவின் பக்கத்தில் தறியில் அமர்ந்தவர், பார்வை மங்கிய 79-ஆம் வயதுவரை, 67 ஆண்டுகள் எழுந்திருக்கவில்லை. விற்றவர்கள் வேறு. விற்றவர்களுக்கு மாடி வீடு உண்டு. நெய்தவருக்கு ஓட்டு வீடு. இந்த வேற்றுமையை அழிக்க ஓர் அச்சகத்துக்கு இரண்டு சொற்கள் போதுமானவையாக இருந்தன.

வாணிகம் இழிவென்று நாம் சொல்லவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களே வாணிகம் செய்தவர்கள். நாம் கேட்பதெல்லாம், செய்யாத தொழிலை ஒருவர் மௌத்துக்குப் பிறகு அவர் தலையில் ஏற்றுவானேன் என்பதே. மகனை அணுகிக் கேட்டோம். அவர் தலை குனிந்து சொன்ன விடை இது: வீட்டில் பேத்திக்குச் சம்பந்தப் பேச்சு நடக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம், அழைப்பிதழ் அவர்கள் கைக்கும் போகும், ‘பாய் நெய்கிறவர்’ என்று போட்டால் நன்றாயிராது என்று நடுவில் நின்று பேசிய ஒரு கனவான் யோசனை சொன்னார். நாம் அவரைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னபோது, பெயரைப் போட்டுவிட வேண்டாம் என்றும் அம்மகன் கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரைப் போடவில்லை. ஒரு தொழிலாளியின் பெயரைச் சொல்லி அவரைப் பாராட்டினால் அவர் பேத்தியின் வாழ்வு கெடும் என்று அஞ்ச வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

அந்த வீட்டாரை நாம் குறை சொல்ல மாட்டோம். பெண்ணைப் பெற்றவர்களின் அச்சம் பெறாதவர்களுக்கு விளங்காது. குறை சொல்ல வேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருவோம். முதலில், அந்தப் பெரியவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லிவிடுவோம். அழைப்பிதழ் சொல்லாததை ஓர் ஏடாவது சொல்ல வேண்டுமன்றோ.

1887-இல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்று பத்தமடையைச் சிலர் அறிவர். நாடறிந்தது பாயால்தான். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளையும் கோரைப்புல்தான் அதன் மூலப்பொருள். பச்சையாக அறுத்து, நெடுக்கே கீறி, வெயிலில் காயவைத்து, பிறகு ஓடுகின்ற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட வேண்டும். ஓடுகின்ற தண்ணீர் என்பது முக்கியம். தேங்கிய தண்ணீரில் போட்டால் நிறம் கெடும். ஒரு நாள் முன்னே எடுத்தால் கோரை முரடாக நிற்கும். ஒரு நாள் பிந்தினால் அழுகும். எந்த நாள் எடுப்பது என்பதற்கு ஏட்டில் விதி இல்லை. பெரியவர் இடுப்பளவு நீரில் இறங்கி, ஒரு தாளை எடுத்து நகத்தால் கீறி, மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். அதுவே அளவு. ஊறி உப்பிய கோரையை மீண்டும் உலர்த்தி, மீண்டும் கீறி, நூல்போல் மெல்லிதாக்க வேண்டும். கனத்த பாய்க்கு ஒரு கோரையை இரண்டாகவோ மூன்றாகவோ கீறினால் போதும். பட்டுப்பாய்க்கு அது போதாது. பட்டுப்பாயின் கோரையைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் நூலென்றே சொல்வீர்கள்.

பிறகு பாவு. பருத்தி நூலைத் தரையை ஒட்டி நீள இழுத்துக் கட்டி, அதன்மேல் அமர்ந்து, கோரையை ஒவ்வொன்றாக ஊடே செலுத்தி, அச்சை இழுத்து அடித்து நெருக்க வேண்டும். ஒரு கோரை, ஓர் அடி. மறு கோரை, மறு அடி. நயமான பாய் ஒன்று முடிய வாரங்கள் ஆகும். மிக நயமானதற்கு மாதங்களும் ஆவதுண்டு. முடிந்தபின் அதைத் துணிபோல் மடித்துக் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டு பயணம் போகலாம். 1953-இல் இங்கிலாந்து அரசியாரின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் ஒன்று சென்றதென்று ஊரார் இன்றும் பெருமை பேசுவர். நெய்தது எந்த வீடு என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு விடை வரும்.

இத்தனையும் அவர் ஒருவராகவே செய்தாரென்று எழுதினால், அழைப்பிதழ் செய்த தவற்றையே நாமும் செய்தவர்களாவோம். கோரை கீறியதில் பாதி, உலர்த்தியதில் முக்கால் அவர் மனைவியின் கை. அந்த அம்மையார் அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் கீறியவை. மடியில் பிள்ளை பால் குடிக்கும் நேரத்தில் கீறியவை. பத்தமடையில் தறியில் அமரும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு ‘வியாபாரி’ என்னும் பொய்ப்பெயர்கூடக் கிடைப்பதில்லை.

இந்த வருவாயில் மூன்று பெண்மக்களை மணமுடித்துக் கொடுத்தார். ஒரே மகனைப் படிக்கவைத்தார். விதவையாய் வந்துவிட்ட தங்கையையும் அவள் பிள்ளைகளையும் இருபது ஆண்டுகள் தம் கூரையின்கீழ் வைத்திருந்தார். முன்பணம் வாங்குவார், நெய்து கழிப்பார், கழிவதற்குள் அடுத்த முன்பணம். கடன் முடிந்த நாளென்று ஒன்று அவர் வாழ்வில் இருந்ததா என்பது நமக்குத் தெரியாது. பிறரிடம் கடனென்று போய் நின்றதில்லை, முதலாளியிடம் தவிர. ஃபஜ்ருக்குப் பள்ளிவாசல், அங்கிருந்து தறி, லுஹருக்கு எழுந்தால் அஸருக்குள் மறுபடி ஒரு சாண் நெய்திருக்க வேண்டும். வீட்டில் குரலுயர்த்திப் பேசியதில்லை என்று மகள்கள் சொன்னார்கள். பெருநாளைக்கு எல்லாருக்கும் புதுத்துணி வரும். அவருக்கு மட்டும் ‘போன வருசத்துச் சட்டை நல்லாத்தானே இருக்கு’ என்னும் சொல் வரும்.

கல்யாணப் பாய் அவரது சிறப்பு. மணமக்கள் பெயரைச் சாயக் கோரையால் பாயிலேயே எழுத்தாக வாங்குவது. ஒரு தலைப்பில் மணமகள் பெயர், மறு தலைப்பில் மணமகன் பெயர் என்பது அவர் வழக்கம். ஒரு முறை வெளியூர்ச் செல்வர் ஒருவர் வீட்டிலிருந்து சீட்டு வந்தது. அதில் மாப்பிள்ளையின் பெயரில் ஓர் ஒற்றெழுத்துக் குறைந்திருப்பதுபோல் அவருக்குப் பட்டது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பும் ஓதற்பள்ளியும்தான். ஆயினும் ஐயத்தோடு நெய்ய மனம் வரவில்லை. அன்று தறியை நிறுத்திவிட்டு, பேருந்தேறி அவ்வூர் சென்று, அவ்வீட்டு வாயிலில் நின்று கேட்டார். “ஒரு எழுத்துக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீரு?” என்று சிரித்தார்களாம். எழுத்து உண்மையிலேயே விடுபட்டுத்தான் இருந்தது. திருத்திக்கொண்டு வந்து நெய்தார். ஒரு நாள் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் போயிற்று. பாயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கல்யாணச் செலவு தலைக்குமேல் இருக்கிறது, பணம் பிறகு தருகிறோம் என்றார்கள். பணம் வந்து சேர்ந்தபோது அந்த மணமக்களுக்குப் பிள்ளை பிறந்து தொட்டிலில் கிடந்தது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தார் நாம்!

ஒற்றெழுத்து ஒன்றுக்காகப் பேருந்தேறிய அந்த மனிதருடைய அழைப்பிதழில்தான் தொழிலையே மாற்றி அச்சிட்டிருக்கிறது.

இனி, நடுவில் நின்று யோசனை சொன்ன கனவானிடம் வருவோம். அவரும் நம்மிடம் பேசினார். படித்தவர், பேச்சில் நிதானமுள்ளவர். “நான் என் வீட்டுச் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லை. குஃபு என்பது ஃபிக்ஹிலேயே உண்டு. தொழிலிலும் குஃபு பார்க்க வேண்டுமென்று நம் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள்” என்றார். இவ்வாறு சொல்வோர் ஊருக்கு நால்வர் உண்டு. ஆதலால் இதைத் தட்டிக் கழிக்காமல் எடுத்துப் பார்ப்போம்.

உண்டு. மறைக்க வேண்டியதில்லை. 12-ஆம் நூற்றாண்டில் புர்ஹானுத்தீன் மர்கீனானி எழுதிய ஹிதாயாவில், தொழிலைக் கணக்கில் கொள்வது பற்றிய பேச்சு இருக்கிறது. மிகத் தாழ்ந்ததாகக் கருதப்பட்டவற்றுக்கு எடுத்துக்காட்டாக அங்கே மூன்று தொழில்கள் சொல்லப்படுகின்றன: இரத்தம் குத்தி எடுப்பவர், நெசவாளர், தோல் பதனிடுபவர். ஆனால் அதே இடத்திலேயே, இந்த விஷயத்தில் இமாம் அபூஹனீஃபாவிடமிருந்து இருவேறு கூற்றுகள் வந்திருப்பதும் எழுதப்பட்டிருக்கிறது. தொழில் என்பது ஒருவரை விட்டு நீங்காத குணமன்று, இன்று ஒன்று நாளை மற்றொன்று என மாறக்கூடியது என்ற வாதமும் அங்கேயே இருக்கிறது. இமாம் மாலிக் அவர்களோ மணப்பொருத்தத்தில் மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள். பாதியைப் படித்துவிட்டு நூலை மூடுவதில் நம் கனவான்கள் வல்லவர்கள்.

போகட்டும். அந்தப் பட்டியலையே ஏற்றுக்கொள்வோம் என்று வைத்துக்கொள்வோம். நெசவாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்? தோல் பதனிடுபவர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிற்சாலை நடத்தும் நம் செல்வர்களின் வீட்டில் சம்பந்தம் கிடைக்கிறதென்றால் இந்தக் கனவான் ஹிதாயாவைத் திறப்பாரா? ரயிலுக்குச் சீட்டு எடுப்பார். அந்தச் செல்வர்களை நாம் குறைத்துச் சொல்லவில்லை. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் அவர்கள் பணத்தில் நிற்கின்றன, அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. நாம் சுட்டுவது ஒன்றையே: அன்று ஒரே பலகையில் அமர்த்தப்பட்ட இரு தொழில்களில் ஒன்று மேலேறிவிட்டது, மற்றொன்று கீழேயே இருக்கிறது. ஏற்றியது மார்க்கமன்று, பணம். பணத்தைப் பார்க்கிறேன் என்று நேராகச் சொல்லிவிட்டால் அதில் ஒரு நேர்மையாவது இருக்கும். இமாம்களின் ஜுப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் அவருக்குச் சொன்னோம். அப்பெரியவரின் மகன் ரியாதில் ஏ.ஸி. மெக்கானிக். அவரும் கையால் உழைப்பவர்தான். வெயிலில் மொட்டைமாடி ஏறுபவர்தான். அவருக்குப் பெண் கேட்டுப் போனபோது ‘சவூதி மாப்பிள்ளை’ என்று வரவேற்றார்கள். திருகுளியைப் பிடித்த கைக்கு மரியாதை, அச்சைப் பிடித்த கைக்கு இல்லை. இடையே இருப்பது ஒரு கடலும் கொஞ்சம் ரியாலும்.

கனவானுக்கு விடை சொல்லத் தோன்றவில்லை. “ஊர் வழக்கம் அப்படி” என்றார். ஊர் என்று யாரைச் சொன்னார் என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

நம்மில் ஜாதி இல்லை என்று மேடையில் முழங்குகிறோம். மீலாது விழாவில் நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பை உண்டார்கள் என்றும், நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சர் என்றும் எடுத்துச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் படுத்தெழுந்த பாயின் தடம் அவர்கள் விலாவில் பதிந்திருக்கக் கண்டு உமர் (ரலி) அழுத செய்தியை மிம்பரிலிருந்து எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்தப் பாயையும் ஒருவர் கையால்தானே முடைந்திருப்பார்? மேடையிலிருந்து இறங்கி, சம்பந்தம் பேச உட்கார்ந்ததும் லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்று விசாரணை தொடங்கிவிடுகிறது. லெப்பையென்று தெரிந்தபின் அடுத்த கேள்வி, என்ன தொழில் என்பது.

முன்னோர் இதில் நம்மினும் மேலானவர்கள். 9-ஆம் நூற்றாண்டில் வக்ஃபு சட்டம் பற்றி நூல் எழுதிய அறிஞரை இன்றுவரை அல்-கஸ்ஸாஃப் என்றே அழைக்கிறோம். செருப்புத் தைப்பவர் என்பது பொருள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவரான மர்வு நகரத்து அல்-கஃப்பால், முப்பது வயதுவரை பூட்டுச் செய்துகொண்டிருந்தவர், பெயரே பூட்டுக்காரர். இலக்கண ஆசிரியர் அஸ்-ஸஜ்ஜாஜ் கண்ணாடி வேலை செய்து, அந்தக் கூலியிலிருந்து ஆசிரியருக்குத் தட்சிணை கொடுத்துப் படித்தவர். உமர் கய்யாமை அறியாதார் யார்? கய்யாம் என்றால் கூடாரம் தைப்பவர். அவர்கள் தொழிலை நூலின் முகப்பில் போட்டுக்கொண்டார்கள். நாம் கபுருக்குப் போன பிறகும் மறைக்கிறோம்.

இந்த இடத்தில் வேறொரு கூட்டத்தாருக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பாரம்பரியக் கலை அழிகிறதே என்று பட்டணத்திலிருந்து கண்ணீர் வடிக்கிறவர்கள் அவர்கள். பத்தமடைப் பாய்க்கு 2013-ஐ ஒட்டிப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது, வேற்றூர்ப் பாய் இவ்வூர்ப் பெயரில் விற்காதிருக்க அது உதவலாம். அதற்கு முன்பும் பின்பும் கண்காட்சிகள் நடந்தன, நிழற்படங்கள் எடுத்தார்கள். பெரியவரின் கைகளை மட்டும் தனியே படமெடுத்துச் சென்றவர்கள் உண்டு, முகம் வேண்டாமாம். அவர்களில் எத்தனை பேர் விலை பேசாமல் ஒரு பாய் வாங்கினார்கள்? மின்தறிக் கோரைப்பாய் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பாய் அதைவிட மலிவாக வந்துவிட்டது. ஏழை வீடு அதை வாங்குகிறது; ஏழையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் இலட்சக் கணக்கில் கொட்டும் நம் வீட்டுக் கல்யாணங்களில், மாதக் கணக்கில் நெய்த ஒரு பாய்க்குச் சில நூறு ரூபாயைக் குறைத்துக் கொடுத்துவிட்டதைத் திறமையென்று பேசுகிறார்களே, அவர்களுக்குக் கலையைப் பற்றி அழ என்ன உரிமை இருக்கிறது?

தொழிலை மகனுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டது பெரியவரின் தவறு என்றுகூட ஒருவர் நம்மிடம் சொன்னார். அதை நாமே பெரியவரிடம் சில ஆண்டுகளுக்கு முன் கேட்டதுண்டு. அச்சிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “கத்துக் குடுத்தா அவனும் என்னய மாதிரி வாசல்ல நிக்கணும்லா. எல்லாரும் பாய மதிச்சாவ. பாய்க்காரன யாரு மதிச்சா?”

அவர் தொழுத பள்ளிவாசலின் முன்வரிசைப் பாய்கள் அவர் நெய்தவை. கூலியில் பாதியை வேண்டாமென்று விட்டுவிட்டே நெய்து கொடுத்தார். பாய்களுக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் சுவரில் கல்லில் இருக்கிறது. மீதிப் பாதியைக் கொடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஜமாஅத்தார் இதைப் படிப்பார்களானால், கல் வெட்டுகிறவர் பத்தமடைக்கு அருகிலேயே கிடைப்பார் என்பதை நினைவூட்டுகிறோம். அந்தக் கல்லில் பெயரைப் போடுவதற்கு வீட்டார் தடை சொல்ல மாட்டார்கள்; கேட்டுவிட்டோம்.

பார்வை போகப்போகிறதென்று மருத்துவர் சொன்னதும், பேத்தியின் கல்யாணத்துக்கென்று அவர் ஒரு பாயைத் தறியில் ஏற்றியிருந்தார். மாப்பிள்ளை யாரென்று அப்போது தெரியாது. ஒரு தலைப்பில் பேத்தியின் பெயரை நெய்து முடித்தார், உடம்பையும் நெய்தார், மறு தலைப்புக்கு முன் ஒரு முழத்தில் நிறுத்திவிட்டார். மூன்று ஆண்டுகளாக அது பழைய வேட்டி ஒன்றால் மூடப்பட்டுத் தறியிலேயே கிடக்கிறது. நாம் சென்றிருந்தபோது அந்த அம்மையார் வேட்டியை விலக்கிக் காட்டினார். கோரை நிறம் மாறவில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் கண்ணில் படாதிருக்கத் தறியை எடுத்துப் பின்கட்டில் போடச் சொல்லியிருக்கிறார்களாம். எடுக்கலாமா, கூடாதா என்று நம்மிடம் கேட்டார்.

கூடாதென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.